ஃபில்டர் பளிச்சென்று இருந்தது, எஞ்சின் மண் தின்றிருந்தது

6 லிட்டர் எரிபொருள்கூட முழுதாகக் குடிக்கவில்லை, அதற்குள் எஞ்சின் போய்விட்டது. 1/8 அளவு நைட்ரோ பக்கி (ரிமோட்டில் ஓட்டும் குட்டிக் கார், மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடுவது), 3.5 சிசி எஞ்சின், ஓட்டுவது முழுக்க மண் ட்ராக்கில். இரண்டு வாரமாகவே அறிகுறி தெரிந்துகொண்டுதான் இருந்தது, நான்தான் கண்டுகொள்ளவில்லை. குளிர்ந்திருக்கும்போது எப்படியோ கிளம்பிவிடும், ஆனால் சூடான பிறகு பிட்டுக்குள் வந்து எரிபொருள் நிரப்பும் அந்தச் சில விநாடியில் ஐடிலில் நிற்காமல் அணைந்துவிடும், அணைந்தால் மறுபடி கிளப்ப ஒரு பாடு. எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடில் திருகைத் திருப்பினேன், பிளக்கை மாற்றினேன், எரிபொருள் பழசோ என்று சந்தேகப்பட்டுப் புது கேன் உடைத்தேன். கடைசியில் ஒருநாள் க்ளோ பிளக்கை (எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்) கழற்றிவிட்டு ஃபிளைவீலை விரலால் திருப்பிப் பார்த்தேன். பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் ஒரு பிடிப்பு இருக்க வேண்டும், புது எஞ்சினில் அந்த இடத்தில் கட்டைவிரல் வலிக்கும். இதில் ஒன்றுமே இல்லை. வாஷர் போன சைக்கிள் பம்பு மாதிரி சும்மா சுற்றியது.

பக்கத்து மேஜையில் இருந்த அண்ணன் ஒருவர், இருபது வருடமாக நைட்ரோ ஓட்டுபவர், எட்டிப் பார்த்துவிட்டு "என்ன தம்பி, மண்ணைக் கரைச்சுக் குடிக்கக் குடுத்தியா?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஏனென்றால் அந்த ட்ராக்கில் ஏர் ஃபில்டரை என் அளவுக்குக் கழுவுபவன் வேறு யாருமில்லை. ஒவ்வொரு முறையும் கழுவி, காயவைத்து, எண்ணெய் பிசைந்து, டப்பாவில் அடுக்கி எடுத்துக்கொண்டு போவேன். ஃபில்டரின் ஃபோமை, அதாவது தூசி பிடிக்கும் பஞ்சை, எடுத்து அவரிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "ஃபில்டர் நல்லாத்தான் இருக்கு. அதுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல என்ன இருக்குன்னு பார்த்தியா?" என்றார். பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து முழுசாகப் பிரித்தேன். பிரிப்பதற்கு முன்னால் வெளியே இருந்த மண்ணையெல்லாம் பிரஷ்ஷால் துடைத்துவிட்டுத்தான் திறந்தேன், இல்லாவிட்டால் உள்ளே இருந்த தூசி எது, திறக்கும்போது விழுந்த தூசி எது என்று தெரியாமல் போய்விடும். ஃபில்டரையும் கார்புரேட்டரையும் இணைக்கும் ரப்பர் கழுத்தின் உட்புறத்தில், ஒரே ஒரு பக்கத்தில், செம்மண் நிறத்தில் நாக்கு மாதிரி ஒரு கறை. மற்ற பக்கமெல்லாம் சுத்தம். கார்புரேட்டரின் வாயிலும் அதே பக்கம் லேசான பழுப்பு. அதைப் பார்த்ததுமே பாதி கதை புரிந்துவிட்டது.

மீதிக் கதை உள்ளே இருந்தது. பேக்பிளேட்டை (எஞ்சினின் பின்மூடி) கழற்றி, கிராங்க் சுற்றும் அடிக்கூடான கிராங்க் கேஸுக்குள் விரல் விட்டால், எண்ணெயோடு சேர்ந்து ஒரு சாம்பல் நிறக் குழம்பு. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் நறநற. பின்பக்க பேரிங்கைச் சுற்றினால் மணல் அரைக்கிற சத்தம். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்முனை கிராங்க் பின்னில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஆடியது. பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கோடுகள், நகத்தால் நெருடினால் தட்டுப்பட்டது. பிஸ்டன் ஓடும் குழாயான ஸ்லீவில் உச்சிப் பகுதி கண்ணாடி மாதிரிப் பளபளக்க வேண்டிய இடம், மங்கிப்போய் நெடுக்குக் கீறலாக இருந்தது.

இது ஏன் இவ்வளவு வேகமாக நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரிய பைக் எஞ்சினை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் தப்பாகத்தான் முடிவெடுப்போம், நான் அப்படித்தான் எடுத்தேன். இந்த எஞ்சின்களில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. அலுமினிய பிஸ்டன், பித்தளை ஸ்லீவ், ஸ்லீவின் உள்ளே குரோமியப் பூச்சு. ஸ்லீவ் மேலே போகப் போகச் சற்றே குறுகும், அந்தக் குறுக்கம்தான் கம்ப்ரஷனைப் பிடித்து வைக்கிறது. விரலுக்குத் தெரிந்த பிடிப்பு அதுதான், நம் ஆட்கள் பிஞ்ச் என்பது அதைத்தான். எஞ்சின் சூடாகும்போது பித்தளை அலுமினியத்தோடு சேர்ந்து விரிந்து, பிஸ்டனுக்கு ஓட ஒரு மிகச் சின்ன இடைவெளி கொடுக்கிறது. மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய அந்த இடைவெளியில் எண்ணெய்ப் படலம் மட்டும்தான் இருக்க வேண்டும். அங்கே ஒரு மணல் துகள் போனால் என்ன ஆகும்? மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ், கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோ அளவில் அது 7. அலுமினியம் 3-ஐத் தொடாது. துகள் பிஸ்டனைக் கீறும், சில துகள் பிஸ்டனிலேயே புதைந்து உட்கார்ந்துகொண்டு ஸ்லீவை உரசும். எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் அது வால்வு தேய்க்கிற பசைதான், வேறொன்றுமில்லை. ரிங் இருந்தால் ரிங்கை மாற்றிக்கொள்ளலாம், இதில் பிஞ்ச் போனால் பிஸ்டனும் ஸ்லீவும் ஜோடியாகப் போச்சு.

அப்புறம், காற்று நேரே எரிகிற இடத்துக்குப் போவதில்லை. கார்புரேட்டரிலிருந்து கிராங்க் ஷாஃப்ட்டின் துளை வழியாக கிராங்க் கேஸுக்குள் இறங்கி, பேரிங்கையும் ராடையும் நனைத்துவிட்டு, அப்புறம்தான் பக்கவாட்டு வழிகளில் மேலே ஏறுகிறது. எரிபொருளில் கலந்திருக்கிற எண்ணெய்தான் இதையெல்லாம் மசகிடுகிறது, தனியாக ஆயில் பாத்திரமோ ஆயில் ஃபில்டரோ கிடையாது. அதனால் உள்ளே வருகிற தூசி முதலில் பேரிங்கைச் சாப்பிட்டு, அடுத்து ராடைச் சாப்பிட்டு, கடைசியாகத்தான் பிஸ்டனுக்கு வருகிறது. பிஞ்ச் போயிருப்பது தெரியும்போது மற்றதெல்லாம் ஏற்கனவே போயிருக்கும்.

எவ்வளவு காற்று என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 3.5 சிசி, டூ-ஸ்ட்ரோக், அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை உறிஞ்சும். நிமிடத்துக்கு 30,000 சுற்று என்று வைத்தால் 1,05,000 சிசி, அதாவது 105 லிட்டர். முழுசாக உறிஞ்சுவதில்லை, காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டிலும் பாதி நேரம் முழுசாகத் திறந்திருக்காது, பாதியாகவே வையுங்கள். 125 மில்லி டேங்க் ஒன்று எட்டு நிமிடம் ஓடினால் 420 லிட்டர் காற்று, அதுவும் எங்கிருந்து? முன்னால் போகிற கார் கிளப்பிவிட்ட புழுதி மேகத்துக்கு நடுவிலிருந்து. இதில் ஒரு ஊசி நுழைகிற ஓட்டை இருந்தால் போதும்.

சரி, ஓட்டை எங்கே? தண்ணீர்ச் சோதனைதான் வழி. எஞ்சினை கார்புரேட்டரோடும் ரப்பர் கழுத்தோடும் காரிலிருந்து கழற்றினேன் (பிரித்ததை மறுபடி பூட்டித்தான், தேய்ந்த பிஸ்டனோடு. கசிவு பார்க்க அது போதும்). எக்ஸாஸ்ட் துளையை ரப்பர் துண்டு வைத்து இறுக்கி அடைத்தேன், ரப்பர் கழுத்தில் ஃபில்டர் உட்காரும் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, வழக்கம்போல் ஜிப் டை (இழுத்து இறுக்கும் பிளாஸ்டிக் பட்டை) போட்டு, குழாயின் வாயை அடைத்தேன். எரிபொருள் வருகிற நிப்பிளில் சிலிக்கான் ட்யூப் மாட்டி, ஒரு பக்கெட் தண்ணீரில் முக்கி, ட்யூபின் மறுமுனையில் வாயை வைத்து மெதுவாக ஊதினேன். ட்யூபில் மிச்சமிருக்கும் எரிபொருளைக் கழுவிவிட்டு ஊதுங்கள், மெத்தனால் விஷம். ஒரு பெரிய சிரிஞ்ச் இருந்தால் வாயே வைக்க வேண்டாம், இப்போதெல்லாம் நான் அதைத்தான் செய்கிறேன்.

குமிழி நான்கு இடத்தில் வந்தது. முன்பக்க பேரிங்கிலிருந்து எப்போதோ ஒன்று இரண்டு, அது அநேகமாக எல்லா எஞ்சினிலும் கொஞ்சம் இருக்கும், அதை விட்டுவிட்டேன். மற்ற மூன்றும் விடக்கூடியவை இல்லை.

முதலாவது, எதிர்பார்த்ததுபோல ரப்பர் கழுத்தில், ஜிப் டையின் பூட்டு இருக்கிற இடத்துக்கு நேர் கீழே. ஜிப் டையை நாம் வட்டமாக இறுக்குவதாக நினைக்கிறோம், ஆனால் பூட்டு உட்காரும் இடத்தில் அது வட்டமில்லை, ஒரு சின்னப் பாலம் போலத் தூக்கிக்கொண்டு நிற்கும், அந்த இடத்தில் ரப்பரை எதுவும் அழுத்துவதில்லை. புது ரப்பராக இருந்தால் அதுவே ஒட்டிக்கொள்ளும். நைட்ரோவும் சூடும் பட்டுப் பட்டு இறுகிப்போன பழைய ரப்பரில் அங்கே ஒரு சுருக்கம் விழுந்து, வழி திறந்துவிடுகிறது. உள்ளே பார்த்த அந்தச் செம்மண் நாக்கு சரியாக இந்தப் பூட்டுக்குக் கீழேதான் தொடங்கியது. வெளிச்சத்தில் பிடித்து வளைத்துப் பார்த்தபோது, கழுத்தின் மடிப்பில் ஒரு நுண்ணிய வெடிப்பு வேறு.

இரண்டாவது, கார்புரேட்டர் கிராங்க் கேஸில் உட்காரும் அடிப்பகுதி. அங்கே ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் கார்புரேட்டரைப் பிடித்து வைக்கும் பூட்டுத் திருகு போகிற துளை வழியாகக் குமிழி வந்தது. மூன்றாவது, ஸ்லைடு கார்புரேட்டரின் துருத்தி ரப்பர். திராட்டில் கம்பி உள்ளே வெளியே போகும்போது மூடியிருக்குமே, அந்த மடிப்பு உறை. மடிப்புக்குள் ஒரு கிழிசல், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

இந்தக் கசிவெல்லாம் தூசியை மட்டும் விடுவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கணக்கில் வராத காற்றும் அதே வழியாகத்தான் வருகிறது. திராட்டிலை விட்டதும் சுற்று இறங்காமல் அந்தரத்தில் தொங்குவது, காலையில் சரியாக வைத்த நீடில் மதியம் தப்பாகிவிடுவது, இதையெல்லாம் நான் வானிலை மேல் போட்டுக்கொண்டிருந்தேன். பாவம் வானிலை.

தண்ணீர்ச் சோதனை முடிந்ததும் ஒரு வேலை தள்ளிப்போடக் கூடாது. பிளக்கைக் கழற்றி, கொஞ்சம் எரிபொருளை ஊற்றி ஃபிளைவீலைச் சுற்றி வெளியே விட வேண்டும். மெத்தனால் தண்ணீரோடு நன்றாகக் கலக்கும், தங்கிய ஈரத்தையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். அப்புறம் ஓட்டம் முடிந்ததும் விடுகிற எண்ணெயை விட்டுச் சுற்ற வேண்டும். இதைச் செய்யாமல் சாப்பிடப் போனால் பேரிங் துருப்பிடித்துவிடும்.

பிஸ்டன், ஸ்லீவ், ராட், பின்பக்க பேரிங் நான்கையும் மாற்றினேன். பிஸ்டனை மட்டும் மாற்றிப் பழைய ஸ்லீவில் போடலாமா என்று ஆசை வந்தது, வேண்டாம் என்று விட்டேன். ராடை மாற்றாமல் விடுவதும் தப்பு, ஆடுகிற ராட் முழு வேகத்தில் உடைந்தால் கிராங்க் கேஸையும் சேர்த்துத் துளைத்துவிடும். இது பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை, எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. நான் நேரம் செலவழித்தது அடைப்பதில்தான்.

கார்புரேட்டரின் அடிப்பகுதியை முதலில் எடுத்துக்கொண்டேன். சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) ஒட்டாமல் போவதற்கு முக்கியக் காரணம் எண்ணெய்ப் பிசுக்கு. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் இரண்டு பரப்பையும் மெத்தனால் தொட்ட துணியால் மூன்று முறை துடைத்தேன். துணி கறுப்பாகாமல் வருகிற வரை. பழைய ஓ-ரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு. எரிபொருள் தாங்குகிற சிலிக்கான் சீலன்ட்டை, பல்குத்தும் குச்சி முனையால், கார்புரேட்டர் கழுத்தைச் சுற்றி நூல் கனத்தில் ஒரு வளையமாக வைத்தேன். ஓ-ரிங்குக்கு மேல்பக்கம் மட்டும். கீழ்ப்பக்கம் வைத்தால் அழுத்தும்போது பிதுங்கி உள்ளே போய், ஒரு நாள் துண்டாகப் பிய்ந்து கிராங்க் துளைக்குள் விழும். கார்புரேட்டரை நேராக அழுத்தி உட்காரவைத்து, அழுத்திப் பிடித்தபடியே பூட்டுத் திருகை இறுக்கினேன். அழுத்தாமல் இறுக்கினால் ஓ-ரிங் நசுங்காமல் அப்படியே நின்றுவிடும், என்னுடைய பழைய கசிவுக்குப் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். திருகின் இரண்டு முனையிலும் ஒரு பொட்டு சீலன்ட். வெளியே பிதுங்கியதை விரலால் வழித்துவிட்டு ஒரு முழு நாள் தொடாமல் வைத்தேன். அரை மணி நேரத்தில் காய்ந்த மாதிரித்தான் தெரியும், நம்பாதீர்கள்.

பேக்பிளேட்டிலிருந்து குமிழி வரவில்லை, இருந்தாலும் ஓ-ரிங்கை மாற்றி, நான்கு திருகையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். துருத்தி உறை புதுசு வாங்கிப் போட்டாயிற்று, அதன் இரண்டு முனையும் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று திராட்டிலை முழுசாக அசைத்துப் பார்ப்பது மட்டும்தான் அதில் வேலை. குறைந்த வேக நீடிலிலும் ஒரு குட்டி ஓ-ரிங் இருக்கிறது, எல்லோரும் அதை மறந்துவிடுவோம்.

ரப்பர் கழுத்துக்கு வருகிறேன். புதுக் கழுத்து, ஆனால் ஒரே ஜிப் டை இல்லை. ஒவ்வொரு முனையிலும் இரண்டு மெல்லிய டை, அவற்றின் பூட்டுகள் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம். முதல் டையின் பாலத்துக்குக் கீழே இருக்கிற இடத்தை இரண்டாவது டை அழுத்திவிடும். கழுத்தின் உள்விளிம்பில், கார்புரேட்டர் வாயோடு ஒட்டுகிற இடத்தில், மெல்லியதாகக் கிரீஸ் தடவினேன். அகலமான ஒரே டை போட்டால் போதாதா என்று கேட்கலாம், போட்டுப் பார்த்தேன், அகலமான டையின் பூட்டு இன்னும் பெரியது, பாலமும் இன்னும் நீளம்.

இப்போது ஃபோம். கழுவுவதில் எனக்கு இருந்த பெருமையிலும் ஓட்டை இருந்தது. நான் பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தேன். அழுக்கு நொடியில் போகும், அதே நொடியில் ஃபோமின் ஒட்டுப்பகுதியில் இருக்கிற பசையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். உருளையாக வளைத்து ஒட்டியிருக்கிற அந்தக் கோட்டை விரித்துப் பாருங்கள், என் டப்பாவில் இருந்த ஐந்து ஃபோமில் இரண்டில் அது வாய் பிளந்திருந்தது. பளிச்சென்று சுத்தமான, எண்ணெய் போட்ட, ஓட்டை விழுந்த ஃபோம்.

இப்போது செய்வது இப்படி. ஃபில்டர் எண்ணெயைக் கரைக்கிறதற்கென்று வரும் கழுவும் திரவம் இருந்தால் அது, இல்லையென்றால் பழைய நைட்ரோ எரிபொருள், அதில் பிழியாமல் அமுக்கி அமுக்கி விட வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் ஃபோம் கிழியும். அடுத்து பாத்திரம் கழுவுகிற சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும், தண்ணீர் தெளிவாக வரும்வரை. வெளிப்பக்கமிருந்து குழாயைத் திறந்துவிடக் கூடாது, உள்பக்கமிருந்து வெளியே தண்ணீர் போகிற மாதிரிப் பிடிக்க வேண்டும், தூசி வந்த வழியே திரும்பிப் போகட்டும். கம்ப்ரஸர் காற்று வேண்டவே வேண்டாம், வெளி ஃபோமில் மாட்டிய தூசியை அது உள் ஃபோமுக்குள் அடித்து ஏற்றிவிடும். நிழலில் ஒரு இரவு காய்ந்தால் போதும். ஈரத்தோடு எண்ணெய் போட்டால் அந்த இடத்தில் எண்ணெய் பிடிக்காது.

எண்ணெய் விஷயத்தில் ஒரு காலத்தில் கையில் கிடைத்த எஞ்சின் ஆயிலைப் போட்டிருக்கிறேன். அது ஃபோமில் நிற்காது, எஞ்சின் உறிஞ்சுகிற வேகத்துக்கு அப்படியே வழிந்து கீழே வந்துவிடும், ஒரு டேங்க் முடிவதற்குள் மேல்பாதி காய்ந்து போயிருக்கும். ஸ்ப்ரேவாக வரும் துரு நீக்கிகள் இன்னும் மோசம். ஃபில்டர் எண்ணெய் என்று தனியாக வருவது பசைபோல ஒட்டும், தூசியைப் பிடித்து வைப்பது ஃபோமின் துளை இல்லை, அந்தப் பிசுபிசுப்புதான். ஃபோமின் துளைகள் தூசியைவிட எவ்வளவோ பெரியவை. வளைந்து வளைந்து போகிற காற்றோடு திரும்ப முடியாமல் தூசி சுவரில் மோதி ஒட்டிக்கொள்கிறது. காய்ந்த ஃபோம் என்பது கொசுவலையை வைத்து மாவு சலிப்பது மாதிரி.

ஒரு பிளாஸ்டிக் பைக்குள் ஃபோமைப் போட்டு, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பையோடு பிசைந்தால் கையும் அழுக்காகாது, எண்ணெயும் சீராகப் பரவும். நிறமுள்ள எண்ணெய் வாங்கினால் எங்கே பிடிக்கவில்லை என்று கண்ணாலேயே தெரியும். பிசைந்து முடித்து டிஷ்யூ காகிதத்தில் வைத்து அமுக்கினால் அதிகப்படி வந்துவிடும். தொட்டால் ஒட்ட வேண்டும், அமுக்கினால் சொட்டக் கூடாது, அந்த அளவு. நுண்ணிய துளை உள்ள உள் ஃபோமுக்கு எண்ணெய் போடுபவர்களும் உண்டு, காய்ந்ததாகவே விடுபவர்களும் உண்டு. நான் மிகக் கொஞ்சமாகப் போடுகிறேன், அதிகமானால் மூச்சு முட்டும். கடைசியாக, ஃபோம் பிளாஸ்டிக் தட்டில் உட்காருகிற விளிம்பில் ஒரு கோடு கிரீஸ். அந்த விளிம்பு தூக்கியிருந்தால் மேலே செய்த எதுவும் பயனில்லை.

எல்லாம் சரி, அடைத்தது வேலை செய்கிறதா என்று மறுபடி 6 லிட்டர் ஓட்டி எஞ்சினைக் கொன்றுதான் தெரிந்துகொள்ள வேண்டுமா? வேண்டாம், அந்த அண்ணன் சொல்லிக்கொடுத்த கிரீஸ் சோதனை இருக்கிறது. இந்த மொத்தப் பதிவிலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். வெள்ளை கிரீஸை ரப்பர் கழுத்தின் உள்சுவரில், ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில், பூச்சு மாதிரி மெலிதாகத் தடவி விடுங்கள். கட்டியாக வேண்டாம், கட்டி பிய்ந்து உள்ளே போகும். ஒரு டேங்க் ஓட்டிவிட்டு வந்து, கழுத்தைக் கழற்றி, வெள்ளை டிஷ்யூவால் வழித்து வெளிச்சத்தில் பாருங்கள். தூசி வந்திருந்தால் கிரீஸில் புள்ளி புள்ளியாக நிற்கும், அதுவும் எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கமே நிற்கும். ஃபோம் முழுக்கவே விடுகிறது என்றால் சுற்றிலும் சீராக நிறம் மாறும். ஒரு ஓட்டை என்றால் ஒரு நாக்கு. கார்புரேட்டருக்குக் கீழே இருக்கிற கசிவை இது காட்டாது, அதற்குத் தண்ணீர்தான்.

பழைய கழுத்தையும் ஒற்றை டையையும் வேண்டுமென்றே மாட்டி (புது பிஸ்டனோடு இல்லை, அவ்வளவு தைரியம் கிடையாது, நண்பனின் ஓய்வுபெற்ற எஞ்சினில்) ஒரு டேங்க் ஓட்டினோம். பூட்டுக்குக் கீழே பிறை வடிவில் துகள்கள், எண்ணிவிடலாம் போல. புதுக் கழுத்து, இரண்டு டை: வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அடுத்த வாரம் என் எஞ்சினில் அதே சோதனை, மூன்று டேங்க் வரை வெள்ளை, நான்காவதில் சுற்றிலும் லேசான மஞ்சள். அதாவது என் ட்ராக்கின் புழுதிக்கு என் ஃபோம் மூன்று டேங்க் தாங்கும். தண்ணீர் தெளித்த நாளில் இன்னும் அதிகம் தாங்கும், காற்றடிக்கிற உலர்ந்த மதியத்தில் இரண்டோடு மாற்றிவிடுகிறேன். உங்களுக்கு எத்தனை என்பதை உங்கள் கிரீஸ்தான் சொல்லும். மேலே துணி உறை ஒன்று போடுகிறேன், பெரிய மண்ணையும் ஈரத்தையும் அது வெளியிலேயே நிறுத்துவதால் ஃபோமின் ஆயுள் கூடுகிறது, ஆனால் அது ஃபோமுக்குப் பதில் இல்லை.

ஃபோமை மாற்றுவதில் ஒரு பொறி இருக்கிறது, இரண்டு முறை மாட்டினேன். தூசி அடைத்த ஃபில்டர் காற்றைக் குறைக்கும், கலவையில் எரிபொருள் கூடும், எஞ்சின் மந்தமாகும். நாம் என்ன செய்வோம், நீடிலை உள்ளே திருகி எரிபொருளைக் குறைப்போம், பறக்கும். அடுத்த சுற்றுக்குப் புது ஃபில்டரை மாட்டுவோம். இப்போது காற்று முழுசாக வருகிறது, எரிபொருள் குறைத்தபடியே இருக்கிறது. எஞ்சினுக்கு எரிபொருளோடு சேர்ந்துதான் எண்ணெயும் வருகிறது என்பதால் சூடும் ஏறும், மசகும் குறையும். அதனால் இப்போது ஒரு பழக்கம்: புது ஃபில்டர் போடாமல் நீடிலைத் தொடுவதில்லை. மதியம் எஞ்சின் மந்தமானால் முதலில் ஃபில்டர், அதற்கும் சரியாகாவிட்டால்தான் ஸ்க்ரூ டிரைவர்.

மற்ற வழிகளைச் சட்டென்று சொல்லி விடுகிறேன். ஃபில்டரைக் கழற்றும் முன் அதைச் சுற்றி பிரஷ் அடித்துவிட்டுக் கழற்றி, உடனே கார்புரேட்டர் வாயில் சுத்தமான துணியோ மூடியோ வைக்க வேண்டும், ஃபில்டரின் வெளியே ஒட்டியிருந்த மண் அந்த ஒரு அசைவில் உள்ளே கொட்டிவிடும். க்ளோ பிளக்கைக் கழற்றும் முன்னும் அப்படித்தான், ஹெட்டின் நடுக்குழியில் மண் தேங்கியிருக்கும், பிளக்கை எடுத்ததும் நேரே பிஸ்டன் தலையில் விழும். டேங்க் மூடியின் விளிம்பு, எரிபொருள் பாட்டிலின் மூக்கு, இரண்டையும் துடையுங்கள், வழியில் ஒரு எரிபொருள் ஃபில்டர் போடுங்கள். பாட்டிலை மண் தரையில் படுக்க வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது உடம்பு கூசுகிறது. ஹெட்டின் துடுப்புகளுக்கு நடுவில் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கட்டியாகிவிட்டால் சூடு வெளியேறாது, பல் துலக்குகிற பழைய பிரஷ் அதற்கு. சேஸியில் ஸ்டார்ட்டருக்காக விட்டிருக்கும் ஓட்டை வழியாக வருகிற மண் கிளட்ச் பெல் பேரிங்கைத் தின்னும், அது எஞ்சினுக்குள் போவதில்லை, ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

இப்போது இந்த எஞ்சினில் 11 லிட்டர் ஓடியிருக்கிறது. போன வாரம் பேக்பிளேட்டை மட்டும் திறந்து பார்த்தேன். உள்ளே எண்ணெய் தேன் நிறத்தில், தெளிவாக. விரல்களுக்கு நடுவில் தேய்த்தால் வழுக்குகிறது, நறநறப்பு இல்லை. ராடில் ஆட்டம் கைக்குத் தெரியவில்லை. பிளக்கைக் கழற்றி ஃபிளைவீலைத் திருப்பினால் உச்சியில் இன்னும் பிடிக்கிறது, புதுசு அளவுக்கு இல்லை, ஆனால் விரலை ஊன்றித்தான் தாண்ட வேண்டியிருக்கிறது. முன்பக்க பேரிங்கிலிருந்து வரும் குமிழி மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது, ரப்பர் மூடி உள்ள பேரிங் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த முறை கிராங்க்கை வெளியே எடுக்கும்போது அதை மாற்றிவிட வேண்டும்.